காயல் வழியும் கணவாய் வழியும்: 1808–09 கொச்சி, திருவிதாங்கூர்ப் போர்

1808 டிசம்பர் 28ஆம் நாள் இரவு, கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடென்ட் கர்னல் காலின் மெக்காலே கொச்சியிலிருந்த தம் மாளிகையில் துப்பாக்கி ஓசை கேட்டு விழித்தார். படகுகளில் வந்திறங்கிய ஆயுதபாணிகள் மாளிகையைச் சூழ்ந்திருந்தனர். அவரிடம் பணிபுரிந்த போர்த்துகீசிய எழுத்தர் ஒருவர் அவரைக் கீழ்த்தளத்தின் மறைவிடம் ஒன்றில் ஒளிந்துகொள்ளச் செய்தார். வந்தவர்கள் விடியும்வரை தேடிக் காணாமல் திரும்பினர். காலையில், அப்போதுதான் கொச்சித் துறைக்கு வந்து சேர்ந்த ஆங்கிலேயப் போர்க்கப்பல் ஒன்றில் மெக்காலே ஏறித் தப்பினார்.

தேடி வந்தவர்களுக்கு இலக்கு அவர் ஒருவர் மட்டுமன்று. கொச்சி அரசரின் நம்பிக்கைக்குரிய குஞ்ஞுகிருஷ்ண மேனனும் ரெசிடென்டின் பாதுகாப்பில் அங்கு இருந்தார். அவரும் தப்பினார். திருவிதாங்கூரின் தளவாய் வேலுத்தம்பியும் கொச்சியின் முதலமைச்சர் பாலியத்து அச்சன் கோவிந்த மேனனும் சேர்ந்து வகுத்த திட்டத்தின் முதல் அடி அவ்வாறு வீணாயிற்று. அதற்கடுத்த இரண்டரை மாதங்களில் கொச்சி, ஆலப்புழை, கொல்லம், ஆரல்வாய்மொழி என நான்கு இடங்களில் நடந்தவற்றைத் தனித்தனிச் சம்பவங்களாகச் சொல்லும் வழக்கம் பாடநூல்களில் உண்டு. அவை அனைத்தும் ஒரே போக்குவரத்துப் பாதையின் மீது நடந்தவை என்பது அதில் மறைந்துபோகிறது.

அந்தப் பாதை நீர்ப்பாதை. வேம்பநாட்டுக் காயலின் வட முனையில் கொச்சி. அதன் தென்பகுதியை ஒட்டி ஆலப்புழை. அங்கிருந்து ஓடைகளும் காயங்குளம் காயலும் வழியாகத் தெற்கே அஷ்டமுடிக் காயல், அதன் கரையில் கொல்லம். நெல், கொப்பரை, கயிறு, மிளகு, வரிப்பணம், சிப்பாய், ஓலைக்கட்டு யாவும் இந்த வழியில்தான் சென்றன. ஆறுகள் குறுக்கிடும் தாழ்நிலத்தில் மாட்டுவண்டிச் சாலைக்கு இடமில்லை, கெட்டுவள்ளமே வண்டி. இந்தியாவில் முதல் பயணிகள் இரயில் ஓடியது 1853இல். அதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், மேற்குக் கடற்கரையின் இருப்புப்பாதையாக இருந்தது இந்தக் காயல் வரிசையே எனலாம்.

இந்த ஒப்புமை வெறும் அலங்காரத்துக்காகச் சொல்லப்படுவதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1864 ஆகஸ்டு 18 முதல் 21 வரை வெர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க் நகருக்குத் தெற்கே குளோப் டேவர்ன் என்னுமிடத்தில் நடந்த சண்டை போர் வரலாற்று மாணவர்களுக்குத் தெரிந்ததே. தென்மாநிலப் படைக்கு வில்மிங்டன் துறைமுகத்திலிருந்து உணவும் ஆயுதமும் கொண்டுவந்த வெல்டன் இருப்புப்பாதையை வடமாநிலத் தளபதி வாரனின் படை கைப்பற்றித் தண்டவாளங்களைப் பெயர்த்தது. நகரம் வீழவில்லை. ஆனால் அதன்பின் சரக்குகளை ஸ்டோனி கிரீக் நிலையத்தில் இறக்கி, ஏறத்தாழ 30 மைல் வண்டிகளில் ஏற்றிவர வேண்டியதாயிற்று. கோட்டையைத் தொடாமல் கோட்டைக்குச் செல்லும் வழியை எடுத்துக்கொள்வது என்னும் இந்தப் போர்முறை இரயிலோடு பிறந்ததன்று. வேலுத்தம்பி செய்ய முயன்றதும் அதுவே. கம்பெனியின் துணைப்படை கொல்லத்தில் பாளையமிட்டிருந்தது. ரெசிடென்ட் கொச்சியில் இருந்தார். இடையில் உள்ள ஆலப்புழை தளவாயின் கையில் இருந்தது.

டிசம்பர் 28ஐத் தேர்ந்ததிலும் இந்தக் கணக்கு தெரிகிறது. தளவாய் பதவி விலகி மலபாருக்குச் சென்று ஓய்வூதியத்தில் வாழ வேண்டும் என்பது மெக்காலேயின் நிர்ப்பந்தம். வேலுத்தம்பி இசைவது போல் காட்டி, பயணத்துக்குப் பாதுகாவல் கேட்டார். மெக்காலே கொச்சியிலிருந்த வீரர்களில் ஒரு பகுதியை ஆலப்புழைக்கு அனுப்பினார். ரெசிடென்டின் மாளிகை காவல் குறைந்து நின்ற இரவில்தான் படகுகள் வந்தன.

இங்கு இன்னொரு செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொச்சிக் கோட்டையை 1795இல் டச்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய ஆங்கிலேயர், 1806இல் அதன் மதில்களைத் தாமே வெடிவைத்துத் தகர்த்தனர். ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டுக் கோட்டையைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் டச்சுக்காரருக்குப் பயன்படக்கூடாது என்னும் அச்சமே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இரண்டே ஆண்டுகளில் அந்த மதிலில்லாத ஊரைத் தாமே காக்க வேண்டிவந்தது.

வேலுத்தம்பி இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தலக்குளத்தில் 1765இல் பிறந்தவர். ஜெயந்தன் சங்கரன் நம்பூதிரி, சங்கரநாராயணன் செட்டி, மாத்து தரகன் ஆகிய மூவரின் ஆட்சியில் கட்டாய வசூல் தாளாமல் 1799இல் எழுந்த மக்கள் கிளர்ச்சியின் தலைவராக அரசியலுக்குள் வந்தார். தளவாய் ஆனபின் அவரது நிர்வாகம் கடுமையானது, தண்டனைகள் கொடூரமானவை. 1804இல் நாயர் படையினரின் படிகளைக் குறைத்தபோது படையினர் கலகம் செய்து அவரது தலையைக் கேட்டனர். அப்போது அவர் தஞ்சம் தேடிச் சென்ற இடம் கொச்சி. தஞ்சம் கொடுத்தவர் மெக்காலே. இருவரும் சேர்ந்தே அந்தக் கலகத்தை ஒடுக்கினர். அதற்கு விலையாக வந்தது 1805ஆம் ஆண்டு உடன்படிக்கை. திருவிதாங்கூர் ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய தொகை 8 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. அதில் ஒப்பமிடச் செய்ததில் வேலுத்தம்பிக்கும் பங்குண்டு. பாக்கி குவிந்தது, மெக்காலே நெருக்கினார். அரசுக்குக் கடன்பட்டிருந்த மாத்து தரகனின் சொத்தைத் தளவாய் பறிமுதல் செய்ய முற்பட்டபோது ரெசிடென்ட் குறுக்கே நின்றார். பணம் கேட்பவரே பணம் திரட்டும் வழியையும் தடுத்தார் என்பதே தளவாயின் கோபம்.

பாலியத்து அச்சனின் பகை வேறு வகையானது. சேந்தமங்கலத்துப் பாலியம் குடும்பத்தார் 17ஆம் நூற்றாண்டு முதல் கொச்சியின் பரம்பரை முதலமைச்சர்கள். கோவிந்த மேனன் தம் எதிரிகளை ஒழித்த முறை அரண்மனையையே அஞ்சவைத்தது. அரசர் இராம வர்மா வெள்ளாரப்பள்ளிக்கு ஒதுங்கியிருந்தார். அவருக்கு நெருக்கமான குஞ்ஞுகிருஷ்ண மேனனைக் கொல்ல அச்சன் முயன்றபோதுதான் மெக்காலே அவரைக் கொச்சியில் தம்மோடு வைத்துக்கொண்டார். ஆகவே கொச்சியைப் பொறுத்தவரை இந்தப் போர் அரசருக்கும் அமைச்சருக்கும் இடையிலான உள்நாட்டுப் பூசலாகவே தொடங்கியது. கம்பெனி ஒரு தரப்புக்குக் கூரை கொடுத்ததால் மற்றத் தரப்பு கம்பெனியின் எதிரியாயிற்று.

அந்த அரசர் கொச்சி வரலாற்றில் ‘வெள்ளாரப்பள்ளியில் தீப்பெட்ட தம்புரான்’ என்றே குறிக்கப்படுகிறார். கொச்சி அரசர்கள் மாறிமாறி இராம வர்மா, கேரள வர்மா, ரவி வர்மா என்றே பெயர் பெற்றதால் இறந்த இடத்தையோ மாதத்தையோ கொண்டு அவர்களைப் பிரித்தறிந்தனர். ‘தீப்பெடுதல்’ அரசர் இறப்புக்கு மட்டும் உரிய மலையாள வினை. வாழ்ந்த காலத்தில் எப்படி அறியப்பட்டார் என்பதைவிட எங்கே எரிந்தார் என்பது அடையாளமாக நிலைத்த இந்தப் பெயரிடும் மரபு தனி ஆய்வுக்குரியது. போர் நடந்துகொண்டிருந்த 1809 ஜனவரியிலேயே அவர் இறந்தார்.

தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய இழை மற்றொன்று. மெக்காலே இந்தக் காட்சியில் புதியவர் அல்லர். 1801இல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பியபோது, அதன்மீது முதலில் படை நடத்தித் தோற்றுத் திரும்பியவர் மேஜர் மெக்காலே. பிறகு கர்னல் அக்னியூ வந்து கோட்டையைப் பிடித்தார். அந்தப் போரில் இளம் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட இராணுவ நினைவுக் குறிப்புகளில் சின்ன மருதுவை நண்பராக நினைவுகூர்கிறார். வளரி எறியக் கற்றுக்கொடுத்தவர் அவரே என்றும் எழுதுகிறார். அதே வெல்ஷ்தான் 1809இல் ஆரல்வாய்மொழியின் மதிலேறினார். பாளையக்காரர் போரும் வேலுத்தம்பியின் போரும் இரண்டு மாநிலங்களின் இரண்டு பாடநூல்களில் இரண்டு கதைகளாகிவிட்டன. மெக்காலே, வெல்ஷ் ஆகியோரின் பணி வாழ்வில் அவை எட்டு ஆண்டு இடைவெளியில் அமைந்த இரண்டு அத்தியாயங்கள்.

மெக்காலேயைப் பற்றி மட்டாஞ்சேரியில் வேறு நினைவும் இருக்க நியாயமுண்டு. 1806–07இல் இங்கு வந்த கிளாடியஸ் புக்கானன் யூதர்களிடமிருந்து எபிரேயச் சுவடிகளைத் திரட்டிச் சென்றார். அவை கேம்பிரிட்ஜைச் சேர்ந்தன. அதே காலத்தில், காணாமற்போனதாகக் கருதப்பட்ட சிரியன் கிறித்தவர்களின் செப்பேடுகளைக் கொச்சியில் தேடிக் கண்டெடுத்தவர் மெக்காலே என்று புக்கானன் எழுதுகிறார். கி.பி. 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடு இல்லாமல் கேரளத்தின் மொழி வரலாற்றை எழுத முடியாது. ஒரே மனிதர் செப்பேட்டையும் தேடினார், பாக்கித் தொகையையும் தேடினார். இவர் பிற்காலக் கல்விக் குறிப்புக்குப் பெயர்பெற்ற தாமஸ் பாபிங்டன் மெக்காலேயின் பெரியப்பா.

கொச்சித் தாக்குதலுக்குப் பின் நிகழ்வுகள் விரைந்தன. மலபாரிலிருந்து வந்த கப்பல்களில் ஒன்று கூட்டத்தினின்று பிரிந்து ஆலப்புழையை அடைந்தது. அதிலிருந்த அரசரின் 12ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த ஏறத்தாழ முப்பது வீரர்கள் கரையிறங்கியபோது பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். மருத்துவர் ஹியூமும் கொல்லப்பட்டார். சரணடைந்தவர்களைக் கொன்ற இச்செயலைப் போரின் வெப்பத்தால் நேர்ந்ததென்று கடந்துவிட இயலாது. இதன்பின் பேச்சுவார்த்தைக்கு இடமில்லாமல் போயிற்று. கம்பெனியின் பழிவாங்கலுக்கு இதுவே நியாயமாகவும் காட்டப்பட்டது.

1809 ஜனவரி 11இல், கொல்லம் ஆண்டு 984 மகரம் 1ஆம் நாள், வேலுத்தம்பி குண்டறையில் வெளியிட்ட அறிக்கை ‘குண்டறை விளம்பரம்’ எனப்படுகிறது. ‘விளம்பரம்’ என்னும் சொல் இன்றைய தமிழில் வணிகப் பொருளுக்குச் சுருங்கிவிட்டது. மலையாளத்தில் அரச அறிவிப்பு என்னும் பழம்பொருள் வரலாற்று வழக்கில் நிலைத்திருக்கிறது. ‘விளம்புதல்’ சொல்லுதல்தான், எதை விற்பதற்காகவும் அன்று. ‘தளவாய்’ என்னும் பதவிப்பெயர் மலையாளத்தில் ‘தளவா’ ஆனதும் இதே எல்லைப்பகுதியின் சொற்பயணமே.

இந்த விளம்பரத்தை 1801 ஜூன் 16இல் சின்ன மருது திருச்சிராப்பள்ளியில் ஒட்டச் செய்த அறிக்கையோடு சேர்த்துப் படிப்பது நலம். இரண்டிலும் கம்பெனியின் நம்பிக்கைத் துரோகமே முதல் குற்றச்சாட்டு. இரண்டும் அரசவைக்குள் நிற்காமல் ஊராரை நோக்கிப் பேசுகின்றன. குண்டறை விளம்பரம் மேலும் சில அச்சங்களை எழுப்புகிறது: ஆங்கிலேயர் நாட்டைப் பிடித்தால் உப்பு முதலானவற்றைத் தம் ஆதிக்கத்தில் கொள்வர், நிலத்துக்கும் தென்னைக்கும் தாங்கமுடியாத வரி விதிப்பர், கோயில்களில் சிலுவையும் கொடியும் நாட்டுவர், சாதி முறையைக் கலைப்பர் என்கிறது. வரி பற்றிய அச்சம் ஆதாரமற்றதென்று பின்வந்த வரலாற்றைப் பார்த்தவர் யாரும் சொல்லமாட்டார். ஆனால் சாதி முறையைக் காப்பதைப் போருக்கான காரணங்களுள் ஒன்றாக வைக்கும் ஓர் ஆவணத்தை, 20ஆம் நூற்றாண்டுத் தேசியத்தின் முன்னோடி என்று நிபந்தனையின்றி கொண்டாடுவது அந்த வரிகளைப் படிக்காமல் விடுவதாகும். 1806இல் வேலூரில் சிப்பாய்கள் எழுந்ததற்கும் மதம் பற்றிய அச்சம் ஒரு காரணமாயிருந்தது என்பதை நினைத்தால், இது தளவாயின் தனிக் கற்பனை அன்று, அந்தப் பத்தாண்டின் பொதுக் காற்று என்பது விளங்கும்.

ஜனவரி 15இல் கொல்லத்தில் பெரும்போர். தளவாயின் படை எண்ணிக்கையில் பன்மடங்கு பெரியது. எனினும் கர்னல் சால்மர்ஸின் துணைப்படை அதை முறியடித்துப் பல பீரங்கிகளையும் கைப்பற்றியது. நான்கு நாள் கழித்து, 19ஆம் தேதி, கொச்சியின் மீது தாக்குதல் நடந்தது. மேஜர் ஹியூவிட்டிடம் சிறு படையே இருந்தது. சூழ்ந்து நிற்க மதிலும் இல்லை. மூன்று பிரிவுகளாக வந்த கொச்சி, திருவிதாங்கூர்ப் படையினர் ஊருக்குள் நுழைய முயன்று விரட்டப்பட்டனர். அதன்பின் அவர்கள் ஊரைச் சுற்றி நின்று நீர்வழிகளை அடைத்தனர்.

இந்த இடத்தில்தான் திட்டத்தின் அடிப்படைப் பிழை வெளிப்படுகிறது. காயலை அடைத்தால் கொச்சி பட்டினி கிடக்க வேண்டும். ஆனால் கொச்சிக்கு மறுபுறம் கடல் திறந்திருந்தது. மேற்குக் கடற்கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று துறைமுகங்களைப் பெரும்பாலும் மூடிவிடும். டிசம்பரும் ஜனவரியும் கடல் அமைதியாயிருந்து கப்பல் தடையின்றி வந்துபோகும் மாதங்கள். மெக்காலேயை ஏற்றிக்கொண்ட கப்பலும், கொல்லத்துக்கு உதவி கொணர்ந்த கப்பல்களும் அந்த அமைதியால் வந்தவை. ஆறு மாதம் கழித்து, மழையோடு இதே எழுச்சி தொடங்கியிருந்தால் கொல்லமும் கொச்சியும் ஒன்றையொன்று எட்டமுடியாத இரு தீவுகளாகியிருக்கக்கூடும். பீட்டர்ஸ்பர்க்கில் இருப்புப்பாதை போனபின் தென்மாநிலப் படைக்கு எஞ்சியிருந்தது வண்டிப் பாதை. கொச்சியில் காயல் போனபின்னும் கம்பெனிக்கு எஞ்சியிருந்தது அரபிக்கடல். தளவாய் காத்திருக்கக்கூடிய நிலையில் இல்லை என்பதும் உண்மையே. பதவி விலகும் நாளை நிர்ப்பந்தித்தவர் மெக்காலே.

கடல்வழி கம்பெனியைத் தோல்வியிலிருந்து காத்தது. வெற்றியைக் கொடுத்தது தரைவழி. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து நாஞ்சில் நாட்டுக்குள் நுழைய உள்ள இடைவெளியே ஆரல்வாய்மொழிக் கணவாய். ஆரல்வாய்மொழி, ஆரைவாய்மொழி, ஆரம்போலி என்று ஆவணங்கள் அதன் பெயரை எழுதும் முறைகள் பல. கடைசி வடிவம் ஆங்கிலேயர் நாவில் உருவானது. அங்கே மலையிலிருந்து மலைக்கு நீண்ட மதிலும் கொத்தளங்களும் இருந்தன. முன்னிருந்து தாக்கினால் பேரிழப்பு நேரும். பாளையங்கோட்டையிலிருந்து வந்த கர்னல் செயின்ட் லெஜரின் படை பிப்ரவரி முதல் வாரத்தில் கணவாயின் முன் நின்றது.

பிப்ரவரி 9ஆம் நாள் இரவு மேஜர் வெல்ஷ் ஒரு பிரிவுடன் தென்புற மலையில் ஏறினார். பாறையும் முட்புதரும் நிறைந்த, ஏற இயலாதென்று காவலர்கள் நம்பிய சரிவு. மணிக்கணக்கில் ஏறி, 10ஆம் தேதி விடியலில் மதிலின் தென்முனைக் கொத்தளத்துக்கு மேலே தோன்றினர். அந்தக் கொத்தளம் வீழ்ந்தவுடன் மதில் முழுவதும் பக்கவாட்டுச் சூட்டுக்கு இலக்காயிற்று. கீழிருந்து உதவிப்படையும் சேர்ந்தது. அன்றே மதில் கைப்பற்றப்பட்டது. வெல்ஷின் விவரணையில் அவரது பங்கு பெரிதாகவே தெரிகிறது. தம் வெற்றியைத் தாமே எழுதுபவரிடம் வேறு எதை எதிர்பார்ப்பது? ஆனாலும் ஓர் இரவு ஏற்றத்தால் போர் முடிவுக்கு வந்தது என்னும் சாரத்தில் ஐயமில்லை. அடுத்த பத்து நாட்களுக்குள் நாகர்கோவில் பகுதியும், உதயகிரி, பத்மநாபபுரம் கோட்டைகளும் கம்பெனியின் வசமாயின.

அந்த மலையில் ஏறியவர்களில் ஆங்கிலேய வீரர்களும் இருந்தனர், மதராஸ் படையின் சிப்பாய்களும் இருந்தனர். மதிலின் உட்புறத்தில் நாஞ்சில் நாட்டின் தமிழ் வழங்கும் ஊர்கள். தமிழ் அறிந்தவர்கள் மதிலின் இருபுறமும் இருந்த போர் இது. இதை ‘கேரளத்தின் போர்’ என்றோ ‘தமிழகத்துக்கு வெளியே நடந்தது’ என்றோ பிரிப்பது 1956இன் எல்லைக்கோட்டை 1809இன் மீது வரைவதாகும். அந்தக் கோட்டின்படியே பார்த்தாலும் ஆரல்வாய்மொழி, உதயகிரி, பத்மநாபபுரம், தலக்குளம் அனைத்தும் இன்று தமிழ்நாட்டில்தான் உள்ளன.

வடக்கே மலபாரிலிருந்து கர்னல் கப்பேஜின் படையும் இறங்கியது. கணவாய் வீழ்ந்த செய்திக்குப் பின் பாலியத்து அச்சன் உடன்பாட்டுக்கு முன்வந்து, பிப்ரவரி இறுதியில் வேலுத்தம்பியின் அணியிலிருந்து விலகினார். இதற்காக அவரைத் துரோகி என்பவர் உண்டு. கொல்லத்தில் தோல்வி, கொச்சியில் தோல்வி, தெற்கே வாயில் திறந்துவிட்டது, வடக்கே படை நிற்கிறது. இந்த நிலையில் தொடர்ந்து போரிட்டிருந்தால் எரிந்திருப்பவை கொச்சி நாட்டின் ஊர்கள். துரோகம் என்னும் சொல் இங்கு சற்று எளிதாகக் கையாளப்படுகிறது. கம்பெனியும் அவரை நம்பவில்லை. அவர் சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். இறுதியில் காசியில் இறந்தார். அவர் தேடிய குஞ்ஞுகிருஷ்ண மேனனே கொச்சியின் புதிய திவானானார்.

வேலுத்தம்பி அடூருக்கு அருகில் மண்ணடி பகவதி கோயிலில் சூழப்பட்டு, மார்ச் இறுதியில் உயிரை மாய்த்துக்கொண்டார். உடல் திருவனந்தபுரம் கண்ணம்மூலைக்குக் கொண்டுவரப்பட்டுக் காட்சிக்குத் தொங்கவிடப்பட்டது. இறந்தவரின் உடலை இவ்வாறு நடத்தியதைக் கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபுவே கண்டித்தார். தளவாயின் தம்பி பத்மநாபன் தம்பி கொல்லத்தில் தூக்கிலிடப்பட்டார். தலக்குளத்துக் குடும்ப வீடு இடிக்கப்பட்டது.

வென்றவர்களின் கதையும் நேராக முடியவில்லை. ஆரல்வாய்மொழியைப் பிடித்த செயின்ட் லெஜரை மூன்று மாதத்துக்குள், 1809 மே 1ஆம் நாள் ஆணையால், சென்னை கவர்னர் சர் ஜார்ஜ் பார்லோ பதவியிலிருந்து இடைநீக்கம் செய்தார். படிகளைக் குறைத்ததால் கம்பெனியின் வெள்ளை அதிகாரிகளே அரசுக்கு எதிராகத் திரண்டிருந்தனர். ஆகஸ்டில் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் அருகே கம்பெனிப் படையே கம்பெனிப் படையைச் சுட்டது. நாயர் படையின் படியைக் குறைத்ததால் 1804இல் திருவிதாங்கூரில் கலகம். அதிகாரிகளின் படியைக் குறைத்ததால் 1809இல் மதராஸில் கலகம். முன்னதை அடக்கக் கம்பெனி ஆண்டுக்கு 8 இலட்சம் வாங்கியது.

கொச்சிக்கான கணக்கு 1809 மே 6ஆம் தேதி உடன்படிக்கையில் எழுதப்பட்டது. 1791 முதல் செலுத்திவந்த ஒரு இலட்சத்தோடு ஒரு பட்டாளத்தின் செலவாக 1,76,037 ரூபாய் சேர்ந்து, ஆண்டுக்கு 2,76,037 ரூபாய். கம்பெனியின் அறிவின்றி வேறு அரசுகளோடு தொடர்பு கொள்ளலாகாது. ஐரோப்பியரைப் பணியில் வைக்கலாகாது. கம்பெனி எந்தக் கோட்டையிலும் படை வைக்கலாம், எதையும் இடிக்கலாம். 1810இல் ரெசிடென்டாக வந்த கர்னல் ஜான் மன்றோ, முதலில் திருவிதாங்கூரின் திவானாகவும், 1812 முதல் கொச்சியின் திவானாகவும் தாமே அமர்ந்தார். பாலியத்தின் பரம்பரை முதலமைச்சர் பதவி அத்தோடு போயிற்று. கொச்சிக்கான தொகை நாட்டால் தாங்கமுடியாதென்று தெரிந்து 2,40,000 ஆகவும், 1818இல் 2,00,000 ஆகவும் குறைக்கப்பட்டது.

இது கலகமா, விடுதலைப் போரா, உள்நாட்டுப் போரா? கம்பெனி ஆவணங்கள் முதற்சொல்லை ஆண்டன. கேரளத்தின் பொது நினைவு இரண்டாம் சொல்லை ஆள்கிறது. மூன்றாம் சொல்லுக்கு ஆதரவு குறைவு. ஆனால் கொச்சியின் அரசரும் அமைச்சரும் எதிரெதிரே நின்றதையும், திருவிதாங்கூர் அரசர் பாலராம வர்மாவின் பெயரால் அவரது தளவாயே வேட்டையாடப்பட்டதையும், அந்த வேட்டைக்கு ஆணையிட்ட புதிய தளவாய் உம்மிணித் தம்பி அதே நாட்டவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்தச் சொல்லை முற்றிலும் ஒதுக்க இயலாது. மூன்றும் ஒரே காலத்தில் உண்மையாக இருந்தன. கொச்சியில் ஒன்றும் கொல்லத்தில் மற்றொன்றும் மேலோங்கின.

உண்மையான இருப்புப்பாதை கொச்சிக்கு வர 1902 ஆயிற்று. ஷொரனூர் முதல் எர்ணாகுளம் வரையிலான அந்தப் பாதைக்குக் கொச்சி அரசே பணம் தேட வேண்டியிருந்தது. அரசர் இராம வர்மா திருப்பூணித்துறைக் கோயிலின் பொன் நெற்றிப்பட்டங்கள் பதினைந்தில் பதினான்கை விற்றார் என்பது கொச்சியில் எல்லோரும் அறிந்த செய்தி. 1904இல் செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு இரயில் வந்தது. செயின்ட் லெஜரின் படை நுழைந்த தென்வாயில் மட்டும் நெடுங்காலம் காத்திருந்தது. திருநெல்வேலியையும் நாகர்கோவிலையும் இணைக்கும் பாதை ஆரல்வாய்மொழி வழியாகத் திறக்கப்பட்டது 1981இல்தான். இன்று அந்த வண்டியில் வருபவர்களுக்கு முப்பந்தலின் காற்றாலைகளைத் தாண்டியதும் கணவாயின் இருபுறத்து மலைகளும் தெரியும். வெல்ஷ் ஏறியது தென்புறத்து மலையில். நாகர்கோவிலை நோக்கிச் செல்பவருக்கு அது இடக்கைப் பக்கம்.